ஏ.அவுட் என்ற பெயர் வந்த கதை

சி என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரலை எழுதி, கறுப்புத் திரையில் 'சிசி' என்று இரண்டு எழுத்தைத் தட்டி, பக்கத்தில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து என்டரை அழுத்தினால், 'ஏ.அவுட்' என்ற பெயரில் ஒரு புதுக் கோப்பு உண்டாகும். நாம் கேட்காத பெயர். நிரலுக்கு 'வட்டி' என்று பெயர் வைத்திருந்தாலும் சரி, 'சம்பளம்' என்று வைத்திருந்தாலும் சரி, வெளியே வருவது ஏ.அவுட்தான். இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் என் பேரன் இதை எனக்குக் காட்டியபோது, "ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டேன். "அது அப்படித்தான் தாத்தா" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. எந்தக் கோப்புக்கும் அதன் பெயர் எங்கிருந்தோ வந்திருக்கும். தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கணினி தெரியாத நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம். இதில் கணக்கு கிடையாது, குமாஸ்தாக்கள் உண்டு.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்று ஓர் ஊர். அங்கே ஏடி அண்டு டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. 1960-களின் நடுவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் கூடம் மூன்றும் சேர்ந்து, ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி 'மல்டிக்ஸ்' என்ற இயங்கு தளத்தைக் கட்டத் தொடங்கின. வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. 1969-இல் பெல் கூடம் கையை உதறிக்கொண்டது. மேலதிகாரிகளுக்கு 'இயங்கு தளம்' என்ற சொல்லைக் கேட்டாலே கசப்பு வந்துவிட்ட காலம் அது.

அந்த வேலையில் இருந்த கென் தாம்சன் சும்மா இருக்கவில்லை. அதிகம் பேர் தொடாமல் கிடந்த பிடிபி-7 என்ற ஒரு சிறிய கணினியைப் பிடித்துக்கொண்டார். முதலில் அதில் ஓட்டியது 'விண்வெளிப் பயணம்' என்ற ஒரு விளையாட்டு. பிறகு 1969 கோடையில் அவருடைய மனைவி கைக்குழந்தையோடு மூன்று வாரம் கலிஃபோர்னியாவுக்குப் போனார். வாரத்துக்கு ஒன்றாக, இயங்கு தளத்துக்குத் தேவையான மூன்று பாகங்களை எழுதி முடித்தாராம். மனைவி ஊருக்குப் போனால் நாமெல்லாம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம். அதுதான் யூனிக்ஸ் என்று பின்னால் பெயர் பெற்றது.

ஆரம்பத்தில் நிரல்களை வேறொரு பெரிய கணினியில் தயாரித்து, துளையிட்ட காகித நாடாவில் எடுத்துக்கொண்டு வந்து பிடிபி-7-இல் ஏற்றினார்கள். இந்த நடை தொல்லையாக இருந்ததால் தாம்சன் அந்தச் சின்னக் கணினியிலேயே ஓடக்கூடிய ஓர் 'அசெம்பிளர்' எழுதினார். மனிதன் எழுதும் சுருக்கக் குறிகளை இயந்திரத்தின் எண்களாக மாற்றித் தருவது அசெம்பிளரின் வேலை. பல துண்டுகளைச் சேர்த்துத் தரும் 'லிங்கர்' என்ற கருவி அப்போது அங்கே கிடையாது. அசெம்பிளர் கொடுப்பதே முடிவான சரக்கு. அதை ஏதாவது ஒரு பெயரில் வைக்க வேண்டுமே, 'அசெம்பிளர் அவுட்புட்' என்பதைச் சுருக்கி ஏ.அவுட் என்று போட்டுவிட்டார். தற்காலிகப் பெயர். பின்னால் லிங்கர் வந்தது, விரும்பிய பெயரைக் கொடுக்கும் வசதியும் வந்தது. ஆனால் நாம் பெயர் சொல்லாவிட்டால் இன்றைக்கும் ஏ.அவுட்தான். தற்காலிகம் என்று போட்ட ஏற்பாடுகள் நிரந்தரமாவதை நான் சர்வீஸில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

'சிசி', 'எல்எஸ்', 'சிபி' என்று கட்டளைகளெல்லாம் இரண்டு எழுத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. அப்போது கணினிக்கு முன்னால் திரை இல்லை. டெலிடைப் என்ற தட்டச்சுப் பொறி மாதிரியான ஒன்றுதான். நம் பழைய தந்தி அலுவலகத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததே, அதன் உறவுக்காரன். 33-ஆம் எண் மாதிரி ஒரு வினாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும், அதுவும் காகிதச் சுருளில். விசைகளை நன்றாக அமுக்கித் தட்ட வேண்டும். ரெமிங்டனில் நாள் முழுக்க ஸ்டேட்மென்ட் அடித்தவர்களுக்கு, எழுத்தைக் குறைக்க வேண்டும் என்ற அந்த விரல் வலி புரியும். கட்டளை வெற்றியாக முடிந்தால் அந்த அமைப்பு ஒன்றும் பேசாது. காகிதமும் மிச்சம், நேரமும் மிச்சம். தப்பு இருந்தால்தான் வாயைத் திறக்கும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பிடிபி-7 பழைய சரக்கு, வேறு புதுக் கணினி வேண்டும். சுமார் 65,000 டாலர் ஆகும். 'இயங்கு தள ஆராய்ச்சிக்கு' என்று எழுதினால் மேலே போகும் முன்பே திரும்பி வந்துவிடும். ஆகவே கோப்பை வேறு மாதிரி புட்-அப் செய்தார்கள். பெல் கூடத்தில் காப்புரிமைத் துறை ஒன்று இருந்தது. புதுக் கண்டுபிடிப்புகளுக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்து அனுப்புவது அதன் வேலை. அந்த விண்ணப்பத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் வரிகளுக்கு எண் போட வேண்டும் என்று அரசுக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு விதி. அந்தத் துறை வெளியிலிருந்து வாங்க இருந்த கருவி அப்போதைக்கு அந்த எண்ணைப் போடாது. "நாங்கள் செய்து தருகிறோம், அதற்கு இந்தப் பிடிபி-11 கணினி வேண்டும்" என்றார்கள் தாம்சனும் அவருடைய கூட்டாளி டென்னிஸ் ரிட்சியும் மற்றவர்களும். நிதி கிடைத்துவிட்டது. இன்டென்ட்டில் காரணத்தை எப்படி எழுதினால் ஃபைனான்ஸ் தாண்டும் என்பது உலகமெங்கும் ஒரே கலைதான் போலிருக்கிறது.

1970 கோடையின் கடைசியில் கணினியின் மூளைப் பாகம் வந்தது. தகவலைச் சேமிக்கும் டிஸ்க் டிசம்பர் வரை வரவில்லை. நடுவில் அந்த இயந்திரம் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆறுக்கு எட்டு கட்டமுள்ள சதுரங்கப் பலகையில் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒரு முறை தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வழிகள் எத்தனை என்று மூன்று மாதம் எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு டிஸ்க் வந்து, 1971-இல் காப்புரிமைத் துறையின் தட்டச்சர்கள் மூன்று பேர் தினமும் அதில் உட்கார்ந்து விண்ணப்பம் அடித்தார்கள். அந்தக் கணினியின் நினைவகம் 24 கிலோபைட். இன்று நாம் வாட்ஸப்பில் அனுப்பும் 'காலை வணக்கம்' பூப்படம் ஒன்றுக்கே அது போதாது. அதே இயந்திரத்தில் ஒரு பக்கம் அந்த மூவர் விண்ணப்பம் அடிக்க, மறுபக்கம் இவர்கள் யூனிக்ஸை வளர்த்தார்கள். இன்று உலகை ஓட்டும் ஓர் அமைப்பின் முதல் உண்மையான வாடிக்கையாளர்கள் விஞ்ஞானிகள் அல்ல, மூன்று தட்டச்சர்கள். நம்மவர்கள்!

இனி மொழிக்கு வருவோம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-இல் பிசிபிஎல் என்ற மொழியை உருவாக்கியிருந்தார். அதைப் பிழிந்து சின்னக் கணினிக்குள் அடங்குமாறு தாம்சன் செய்தது 'பி'. பி மொழியில் எண், எழுத்து என்ற வகைப் பிரிவு கிடையாது, எல்லாம் ஒரே அளவுப் பெட்டி. புதிய பிடிபி-11 எழுத்துகளை ஒவ்வொரு பைட்டாகக் கையாளும் இயந்திரம். பழைய பெட்டி முறை அதற்குப் பொருந்தவில்லை. ரிட்சி 1971-இல் வகைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். முதலில் 'புதிய பி' என்று பெயர், 1972-இல் அது தனி மொழியாகி 'சி' ஆயிற்று.

ஒரு மொழி போய் இன்னொன்று வந்தது என்று இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அந்தக் காலத்தில் இயங்கு தளம் என்றால் அந்தந்த இயந்திரத்தின் குறிமொழியிலேயே எழுதுவார்கள். இயந்திரம் கழிக்கப்பட்டால் அத்தனை வருஷ உழைப்பும் அதோடு குப்பைக்குப் போகும். மேல்நிலை மொழியில் எழுதினால் வேகம் குறையும், இடம் அடைக்கும் என்று பலரும் அஞ்சினார்கள். 24 கிலோபைட்டில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அந்த அச்சம் நியாயம்தான். தாம்சன் 1972-இல் யூனிக்ஸின் கருவை சி-யில் எழுதிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். தொடர்புள்ள பல விவரங்களை ஒரே கட்டாகக் கட்டிவைக்கும் வசதி அப்போது சி-யில் இல்லை. நம் சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஒருவரின் பெயர், பிறந்த தேதி, சம்பளம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்குமே, அதுபோன்ற ஒன்று. ரிட்சி அதையும் சேர்த்தார். 1973 கோடையில் கரு முழுவதும் சி-யில் எழுதப்பட்டது. அதற்குப் பிறகுதான் யூனிக்ஸை வேறு வேறு கம்பெனிக் கணினிகளுக்கு எடுத்துப்போக வழி பிறந்தது. எந்த இயந்திரத்துக்காகத் தொடங்கினார்களோ அது இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதியது ஓடிக்கொண்டிருக்கிறது.

'சிசி' என்பது 'சி கம்பைலர்'. கம்பைலரைத் தமிழில் தொகுப்பி என்கிறார்கள். எனக்கு முதலில் இது பொருந்தவில்லை. மொழிபெயர்ப்பதற்கு ஏன் தொகுத்தல் என்று பெயர்? இதற்கும் வரலாறு உண்டு. 1952 வாக்கில் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் யூனிவாக் கணினிக்கு எழுதிய கருவி, நாடாவில் இருந்த ஆயத்த நிரல் துண்டுகளை எடுத்துக் கோத்து ஒரே நிரலாகத் தந்தது. அது நிஜமாகவே தொகுப்பு வேலை, ஆகவே அந்தப் பெயர். வேலை மாறியது, பெயர் நின்றுவிட்டது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் காலத்தில் 'கொம்பிலாத்தேர்' என்றால் பிறர் நூல்களிலிருந்து எடுத்து ஒட்டிப் புத்தகம் போடுகிறவர், கொஞ்சம் ஏளனம் கலந்த சொல். அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் கொள்ளையடிப்பது! தமிழில் தொகை என்றால் எட்டுத்தொகை, மரியாதையான சொல். நம் பக்கம் பெயர் ராசி நன்றாக இருக்கிறது. (கணினிக்கு பிரெஞ்சில் 'ஒர்தினாத்தேர்' என்ற சொல் வந்ததும் இப்படித்தான். 1955-இல் ஐபிஎம் பிரான்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர், உலகில் ஒழுங்கை நிறுவும் இறைவனைக் குறிக்கும் பழைய சொல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இறைவனின் பெயரை மேசை மேல் வைத்துக்கொண்டு சீட்டாடுகிறோம்.)

சிசி என்று தட்டினால் உள்ளே நடப்பது ஒரு வேலை அல்ல, நாலு வேலை. எங்கள் அலுவலகத்தில் கொம்யூன் பஞ்சாயத்துகளிலிருந்து வரும் அறிக்கைகளை ஒன்றுசேர்த்து மேலே அனுப்புவது என் பொறுப்பாகச் சில காலம் இருந்தது. அந்தக் கண்ணால் பார்த்தால் இது எளிதாகப் புரிகிறது. முதலில் முன்செயலி. 'இன்க்ளூட்' என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் அந்தப் பெயருள்ள கோப்பைக் கொண்டுவந்து அங்கேயே ஒட்டும். 'அரசாணை நகல் இணைக்கப்பட்டுள்ளது' என்ற வரி வந்தால் நாம் நகலை எடுத்துக் குத்துகிறோம் அல்லவா, அதே வேலை. இரண்டாவது, தொகுப்பி தானே. சி மொழியைக் குறிமொழியாக்கும். மூன்றாவது, அசெம்பிளர் அதை எண்களாக்கும். நாலாவது லிங்கர், இணைப்பி. நம் நிரல் 'பிரின்ட்எஃப்' என்று ஒரு பெயரைச் சொல்லி அச்சிடச் சொல்கிறது. அச்சிடும் வேலையை நாம் எழுதவில்லை. அது நூலகத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கோத்துக் கொடுப்பது இணைப்பி. மைக் லெஸ்க் என்பவர் பெல் கூடத்தில் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுதியிலிருந்து வளர்ந்ததுதான் அந்த நூலகம்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், வேடிக்கையாக இருக்கும். பிரின்ட்எஃப் என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், பழைய தொகுப்பி வாயே திறக்காது. 'அப்படி ஒன்று எங்கேயாவது இருக்கும்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடும். கடைசியில் இணைப்பிதான் ஊரெல்லாம் தேடிவிட்டு 'இப்படி ஒருவர் இல்லை' என்று திருப்பும். இப்போது வரும் புதிய தொகுப்பிகள் முதல் மேசையிலேயே பிடித்துவிடுகின்றன. அரைப்புள்ளியை மறந்தால் நடப்பது வேறு. தப்பு மூன்றாம் வரியில் இருக்கும், குற்றச்சாட்டு நாலாம் வரி மேல் வரும். ஆடிட் பார்ட்டி மாதிரிதான். எங்கே தொடங்கியது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், எங்கே கண்ணில் பட்டதோ அந்தப் பக்க எண்ணைத்தான் எழுதுவார்கள். மேலே ஒரு வரி ஏறிப் பார்க்க வேண்டியது நம் வேலை.

எல்லாம் சரியாக இருந்தால் மௌனம். பிறகு புள்ளி, சாய்கோடு, ஏ.அவுட் என்று சேர்த்துத் தட்டினால் நிரல் ஓடும். அந்தப் புள்ளிக்கு 'இதே அடைவில்' என்று பொருள். பழைய யூனிக்ஸில் வெறும் ஏ.அவுட் என்றாலே போதும். பிறகு, யாராவது விஷமி 'எல்எஸ்' என்ற பெயரில் ஒரு நிரலை உங்கள் அடைவில் போட்டுவைத்தால், தெரியாமல் அதை ஓட்டிவிடுவீர்களே என்று, கூப்பிட்டால் மட்டுமே வீட்டுக்குள் தேடும்படி மாற்றிக்கொண்டார்கள். நிரல் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். பூஜ்யம் என்றால் குறை ஒன்றும் இல்லை. 'நில் ரிப்போர்ட்' அனுப்பிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றும் இல்லை என்பதையும் எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

உலகம் முழுக்க முதல் நிரலாக 'ஹலோ, வேர்ல்ட்' என்று அச்சிடச் சொல்கிறார்களே, அதைத் தொடங்கிவைத்தவர் அதே கூடத்தில் இருந்த பிரையன் கெர்னிகன். கனடாவில் டொரான்டோக்காரர். முதலில் பி மொழிக்காக அவர் எழுதிய பாடக் குறிப்பில் அது வந்தது. பி மொழியில் ஒரு பெட்டிக்குள் நாலு எழுத்துதான் அடங்கும். ஆகவே அந்த வாழ்த்தை நாலு நாலாக வெட்டிப் போட வேண்டியிருந்தது. முதல் துண்டு 'ஹெல்'! நரகம் என்று தொடங்கி வாழ்த்தாக முடியும் நிரல். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னாளில் கேட்டபோது, முட்டையிலிருந்து வெளிவரும் கோழிக்குஞ்சு அப்படிச் சொல்வதாக ஒரு கேலிச்சித்திரம் பார்த்த நினைவு என்று சொல்லியிருக்கிறார். 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து சி மொழிக்குப் புத்தகம் எழுதினார்கள். 228 பக்கம்தான். அச்சுக்கோப்பும் அவர்களே, தங்கள் யூனிக்ஸ் கணினியிலேயே. விண்ணப்பம் அடிக்க என்று சொல்லி வாங்கிய வழியிலேயே புத்தகமும் அச்சாயிற்று.

நம் நாட்டுக் கல்லூரிகளில் சி படித்த பலருக்குக் கறுப்புத் திரையைவிட நீலத் திரைதான் நினைவில் இருக்கும். அது டர்போ சி, 1987-இல் போர்லேண்ட் நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவனத்தை நடத்திய பிலிப் கான் பாரிஸில் பிறந்தவர். அவருக்கு முன்பே பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது டர்போ பாஸ்கல். பாஸ்கல் என்ற மொழியின் பெயர் எங்கள் பள்ளிப் புத்தகத்தில் வந்த ப்ளேஸ் பஸ்கால் நினைவாக வைத்தது. ரூவான் நகரில் வரி வசூல் கணக்கோடு மல்லாடிய தன் அப்பாவுக்கு உதவ 1642-இல், இருபது வயது நிரம்பும் முன்பே, கூட்டல் இயந்திரம் செய்யத் தொடங்கியவர். ரெவின்யூ குமாஸ்தாவின் கஷ்டம் பார்த்துப் பிறந்த இயந்திரம் என்று நான் அதைச் சொல்லிக்கொள்வது வழக்கம். டர்போ சி-யில் ஒரு விசையை அழுத்தினால் தொகுப்பு, இணைப்பு, ஓட்டம் எல்லாம் முடிந்துவிடும். வசதிதான். ஆனால் நாலு மேசை இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. பேரனின் நண்பர்களில் சிலருக்கு லிங்கர் என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. கட்டளையாகத் தட்டுவதில் இருக்கும் லாபம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் தொகுப்பியை நம்பலாமா? இந்தக் கேள்வியைக் கேட்டவர் வேறு யாருமல்ல, தாம்சனே. 1983-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது தாம்சனுக்கும் ரிட்சிக்கும் கிடைத்தது. ஏற்புரையில் தாம்சன் ஒரு குண்டைப் போட்டார். சி தொகுப்பியே சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது; பழைய தொகுப்பி புதிய தொகுப்பியைத் தொகுத்துத் தருகிறது. இப்போது, கணினிக்குள் நுழைவோரின் கடவுச்சொல்லைச் சோதிக்கும் நிரலைத் தொகுக்கும்போது மட்டும், ரகசியமாக ஒரு கள்ளச் சாவியைச் சேர்க்கும்படி தொகுப்பியில் எழுதிவிடலாம். தொகுப்பியையே தொகுக்கும்போது இந்தத் திருட்டை மறுபடி சேர்த்துவிடும்படியும் எழுதலாம். ஒரு முறை தொகுத்த பிறகு மூலத்திலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். யார் வந்து எழுத்தெழுத்தாகப் படித்தாலும் மூலம் சுத்தம். திருட்டு, தலைமுறை தலைமுறையாக இயந்திர எண்களுக்குள் மட்டும் தொடரும்.

இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நாம் 'ட்ரூ காப்பி' என்று கெஜட்டட் அதிகாரி கையெழுத்துப் போட்ட நகலை நம்புகிறோம். அந்த நகலுக்கு நகல் எடுத்து அதற்கும் அத்தாட்சி வாங்குகிறோம். அத்தாட்சி முத்திரையே போலியாக இருந்து, புது முத்திரை செய்யும்போதெல்லாம் தானாகவே போலியாகவே பிறக்குமானால்? மூலப் பத்திரத்தை எத்தனை முறை படித்து என்ன பயன்? வங்கி, ரயில் டிக்கெட், நம் ஓய்வூதியம் எல்லாம் ஏதோ ஒரு தொகுப்பியின் வழியாக வந்த நிரல்களில்தான் ஓடுகின்றன. பின்னாளில் டேவிட் வீலர் என்பவர், சம்பந்தமில்லாத இன்னொரு தொகுப்பியைக் கொண்டு சரிபார்க்கும் முறை ஒன்றை விரிவாக எழுதினார். இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டி, தொகை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் நம் கருவூல முறையேதான். அதற்குக்கூட இன்னொரு தொகுப்பி வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

1956-இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட வழக்குத் தீர்வின்படி ஏடி அண்டு டி கணினி வியாபாரத்தில் இறங்க முடியாது. அதனால்தான் யூனிக்ஸ், மூல நிரலோடு, பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் 1970-களின் நடுவில் அந்த மூல நிரலுக்கு வரிக்கு வரி உரை எழுதினார். நச்சினார்க்கினியர் வேலை! ஆனால் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூலத்தை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று போட்டுவிட்டார்கள். லயன்ஸின் உரை நகலுக்கு நகலாக ரகசியமாகக் கைமாறியது. 1984-இல் தொலைபேசி நிறுவனம் உடைக்கப்பட்ட பிறகு யூனிக்ஸ் முழு வியாபாரச் சரக்காயிற்று. 1990-களின் தொடக்கத்தில் சன் நிறுவனம் தன் இயங்கு தளத்தோடு தொகுப்பியைத் தராமல் தனி விலைக்கு விற்றது. தாள் இலவசம், பேனாவுக்குக் காசு.

இதற்கு எதிராக எம்.ஐ.டி.யில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இலேயே, யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம் என்ற விதத்தில் ஒரு முழு அமைப்பைக் கட்டப்போவதாக அறிவித்திருந்தார். 1987-இல் அவருடைய சி தொகுப்பி வெளிவந்தது. அதுதான் ஜிசிசி. 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸைத் தொடங்கியபோது தொகுக்கக் கையில் இருந்தது அந்த ஜிசிசிதான். அது இல்லாவிட்டால் ஒரு மாணவன் தன் அறையில் உட்கார்ந்து இயங்கு தளம் எழுதியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. டென்னிஸ் ரிட்சி 2011 அக்டோபரில் காலமானார். அதே மாதம் ஒரு வாரம் முன்பு ஸ்டீவ் ஜாப்ஸ் போயிருந்தார். பத்திரிகைகளில் அவருக்குக் கிடைத்த இடத்தில் ரிட்சிக்குக் கால் பங்குகூட இல்லை.

தமிழுக்கும் இதில் ஒரு நேர் சம்பந்தம் இருக்கிறது. அந்த 'ஹலோ, வேர்ல்ட்' இருந்த இடத்தில் 'வணக்கம்' என்று போட்டுத் தொகுத்தேன். தட்டியவுடன் திரையில் வணக்கம் என்று வந்தது. 1970-களில் இது நடந்திருக்காது. அமெரிக்க எழுத்துப் பட்டியலில் பிரெஞ்சு 'ஏ' மேல் போடும் கோட்டுக்கே இடமில்லை, தமிழுக்கு ஏது? 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில், ராப் பைக்கோடு உட்கார்ந்து அதே கென் தாம்சன் வகுத்த யூடிஎஃப்-8 என்ற முறைதான் இன்று உலகத்து எழுத்துகளையெல்லாம் சுமக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் திரையிலும் அதுவேதான். பிறகு, நீளத்தை எண்ணிச் சொல்லும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். ஆங்கில வாழ்த்து, நடுவில் உள்ள கமாவும் இடைவெளியும் உட்பட 12 என்றது. வணக்கம் நம் கணக்கில் ஐந்தெழுத்து. சி மொழி சொன்ன கணக்கு 21. தவறில்லை. யூனிகோடில் இரண்டு மெய்களின் புள்ளியும் தனிக் குறிகள், ஆக மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நம் மெய்யெழுத்துக்குப் புள்ளி தனிச் சம்பளம் வாங்குகிறது என்று பேரனிடம் சொன்னேன். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி இலக்கணம் சொன்னதை அவன் அன்றுதான் கேள்விப்பட்டான்.

ஏ.அவுட் என்பது கோப்பின் பெயர் மட்டுமல்ல, அதன் உள் அமைப்புக்கும் அதே பெயர் இருந்தது. 1990-களின் நடுவில் லினக்ஸ் 'எல்ஃப்' என்ற வேறு அமைப்புக்கு மாறிவிட்டது. பழைய அமைப்பை ஓட்டும் வசதியை 2022-இல் லினக்ஸிலிருந்து எடுத்தே விட்டார்கள். ஆனால் நேற்று சாயங்காலம் நான் ஜிசிசி என்று தட்டி என்டர் அழுத்தியபோது உண்டான கோப்பின் பெயர் ஏ.அவுட். பெயர் மாற வேண்டுமானால் கட்டளையோடு கழித்தல் குறியும் ஆங்கில 'ஓ' எழுத்தும் சேர்த்து, விரும்பிய பெயரைக் கொடுக்க வேண்டும். 'டெஸ்ட்' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். அதே பெயரில் யூனிக்ஸில் ஒரு கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் புள்ளியும் சாய்கோடும் போடாமல் கூப்பிட்டால் உங்கள் நிரலுக்குப் பதில் அதுதான் ஓடும், அதுவும் ஒன்றுமே பேசாமல்.